கடை வண்டியும் பட்டறைச் செலவும் – அன்றும் இன்றும்

மளிகைக் கடைக்காரருக்குத் தராசு எப்படியோ அப்படித்தான் வண்டியும். மண்டியிலிருந்து மூட்டை வந்தால்தான் கடை திறக்கும். கடையிலிருந்து சரக்கு போனால்தான் வசூல் வரும். வண்டி ஒரு நாள் பட்டறையில் நின்றால் பட்டறைக் கூலி மட்டும் நஷ்டமல்ல. வாடகை வண்டிச் செலவும், சரக்கு போகாத கடைக்காரர் வேறு மொத்த வியாபாரியிடம் போய்விடுவாரே என்ற கவலையும் சேர்ந்துகொள்கின்றன.

"அந்தக் காலத்து வண்டி நின்றால் நூறு ரூபாயில் ஓடிவிடும். இப்போது வரும் வண்டி நின்றால் பத்தாயிரத்துக்குக் குறைந்து பேச்சே இல்லை" என்று நம்மில் பலர் சொல்கிறோம். இதில் பாதி உண்மை. மறுபாதியையும் தெரிந்துகொண்டால்தான் வண்டிச் செலவு நம் கைக்குள் நிற்கும்.

பழைய வண்டியின் குணம்

அம்பாசடர் கார் 1958 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரானது. அதுவும், பத்மினி காரும், மெட்டடார் வேனும் நம்மவர்கள் பலரைச் சுமந்தவை. பெட்ரோல் என்ஜின் ஓட மூன்று வேண்டும்: பெட்ரோல், காற்று, சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி. பெட்ரோலையும் காற்றையும் கலப்பது கார்புரேட்டர். தீப்பொறிக்கு நேரம் பார்த்துக் கொடுப்பது பாயிண்ட். இரண்டும் கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் கூடியவை.

வண்டி வழியில் நின்றால் மெக்கானிக் முதலில் பிளக் ஒயரைப் பிடுங்கி, என்ஜின் இரும்பின் அருகே காட்டிப் பொறி வருகிறதா என்று பார்ப்பார். வராவிட்டால் பாயிண்டை எமரித் தாளால் தேய்த்து, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி வைத்து முடுக்குவார். பொறி வந்தால் அடுத்து கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதுவார். சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்ப்பில் ஆவி அடைத்துக்கொண்டால் ஈரத்துணியைச் சுற்றினாலே போதும். ஒரு ஸ்குரூ டிரைவரும் நாலு ஸ்பேனரும் இருந்தால் எந்த ஊர் முச்சந்தியிலும் வேலை முடிந்துவிடும்.

ஆனால் அந்த வண்டி எத்தனை முறை நின்றது என்பதை நாம் மறந்துவிட்டோம். பாயிண்டையும் பிளக்கையும் அடிக்கடி பார்க்க வேண்டும். ஆயில் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே மாற்ற வேண்டும். டேப்பட் சரிசெய்ய வேண்டும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் என்ஜினைப் பிரித்து, லேத் பட்டறையில் ரீபோர் செய்து, பிஸ்டன் ரிங் மாற்றுவது சாதாரணமாக இருந்தது. ஒவ்வொரு செலவும் சிறிது. ஆனால் வந்துகொண்டே இருக்கும். கல்லாவிலிருந்து ஐம்பதும் நூறுமாக எடுத்துக் கொடுத்ததை யாரும் பேரேட்டில் கூட்டிப் பார்க்கவில்லை.

ஏன் மாறியது?

புதிய வண்டிகளில் கம்ப்யூட்டரைப் புகுத்தியது கம்பெனிகளின் ஆசை மட்டுமல்ல. புகைச் சட்டமும் ஒரு பெரிய காரணம். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் பாரத் ஸ்டேஜ் விதிகள் தொடங்கின. நான்காம் கட்டம் 2017-இல் நாடு முழுவதற்கும் வந்தது. ஐந்தாம் கட்டத்தைத் தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் நேராக ஆறாம் கட்டம் அமலாகியது.

பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கருவி சரியாக வேலை செய்ய, ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கு எப்போதும் தவறாமல் இருக்க வேண்டும். மேட்டில் ஏறினாலும், சுமை கூடினாலும், மழை பெய்தாலும் இந்தக் கணக்கைக் காப்பாற்றக் கார்புரேட்டரால் முடியாது. ஆகவே காற்றின் அளவு, என்ஜின் சூடு, கிராங்கின் சுழற்சி, புகையில் மிஞ்சும் ஆக்சிஜன் ஆகியவற்றை அளந்து சொல்லச் சென்சார்கள் வந்தன. அவை தரும் கணக்கைப் பார்த்து, இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறப்பது, எப்போது பொறி கொடுப்பது என்று ஒரு சிறிய கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது.

டீசலிலும் இதே கதைதான். "குட்டி யானை" என்று நாம் செல்லமாக அழைக்கும் டாடா ஏஸ் 2005-இல் வந்தபோது, அதில் இருந்தது சுமார் 700 சி.சி. கொண்ட எளிய இரட்டை சிலிண்டர் டீசல் என்ஜின். இன்றைய காமன் ரெயில் டீசல் என்ஜின்களில் எரிபொருள் ஆயிரம் பார் அழுத்தத்துக்கும் மேலே ஏறுகிறது. அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் இன்ஜெக்டரின் உள்பாகங்கள், தலைமுடியின் கனத்தைவிடப் பல மடங்கு நுண்ணிய இடைவெளியில் பொருந்தியவை. பழைய டீசல் பம்ப் பொறுத்துக்கொண்ட தண்ணீரையும் தூசியையும் மண்ணெண்ணெய்க் கலப்படத்தையும் இது பொறுக்காது.

இதனால் நமக்குக் கிடைத்த லாபமும் சிறிதல்ல. பாயிண்ட் தேய்க்கும் வேலை போயிற்று. ஆயில் மாற்றும் இடைவெளி பல வண்டிகளில் 10,000 கிலோமீட்டராகியது. காலையில் சோக் இழுத்துக்கொண்டு நிற்பதில்லை. ஒழுங்காகப் பராமரித்த என்ஜின் பிரிக்காமலேயே இரண்டு லட்சம் கிலோமீட்டர் போவது இன்று அதிசயமில்லை. சுருக்கமாகச் சொன்னால், பழைய வண்டி சில்லறையாகச் செலவு வைத்தது. புதிய வண்டி நெடுநாள் சும்மா இருந்துவிட்டு மொத்தமாகக் கேட்கிறது.

கோடு எண் தீர்ப்பல்ல

புதிய வண்டியில் கோளாறு வந்தால் டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரியும். மெக்கானிக் ஸ்கேனர் கருவியைச் செருகினால் ஒரு கோடு எண் வரும். இங்கேதான் பலருடைய பணம் போகிறது. என் அனுபவத்தையே சொல்கிறேன்.

சென்ற கார்த்திகை மாதம் எங்கள் கடை டெலிவரி வண்டியில் இந்த விளக்கு எரிந்தது. வண்டி இழுவை குறைந்து, மெதுவாகத்தான் போயிற்று. கோளாறைக் கண்டால் என்ஜின் கெட்டுப்போகாமல் இருக்கக் கம்ப்யூட்டரே வேகத்தைக் குறைத்துவிடும். ஒரு பட்டறையில் ஸ்கேனர் போட்டு, ஒரு சென்சாரின் பெயரைச் சொல்லி அதை மாற்றினார்கள். இரண்டு நாளில் அதே விளக்கு. இன்னொரு சென்சார் மாற்றினார்கள். மறுநாளே அதே விளக்கு. இரண்டுக்கும் ஒன்பதாயிரம் ரூபாய் ஆயிற்று. நான்கு நாள் வாடகை வண்டியில் சரக்கு அனுப்பினோம்.

கடைசியாக ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் காட்டினேன். அவர் மீட்டரை வைத்து ஒயர் ஒயராகச் சோதித்துவிட்டு, "சென்சார் நல்லாத்தான் இருந்திருக்கு அண்ணாச்சி, ஒயரைத்தான் எலி கடிச்சிருக்கு" என்றார். ஒயரை இணைக்க அவர் வாங்கியது அறுநூறு ரூபாய்.

முதல் பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. ஸ்கேனர் காட்டிய கோடு எண்ணின் பொருள் "சென்சார் கெட்டது" என்பதல்ல. "அந்தச் சென்சாரின் இணைப்பில் மின்னழுத்தம் குறைவு" என்பதுதான். சென்சாரும் காரணமாகலாம், ஒயரும் காரணமாகலாம், கனெக்டரில் ஏறிய துருவும் காரணமாகலாம். காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் சொல்லும்; எந்தக் காய்ச்சல் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். கோடு எண்ணைப் படிக்க இரண்டு நிமிடம் போதும். காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் அறிவும் நேரமும் வேண்டும்.

பழைய வண்டிக்கு நாம் கொடுத்தது கைவேலைக்கான கூலி. புதிய வண்டியில் பெரிய வேலை கோளாறைக் கண்டுபிடிப்பதுதான். அதற்குத் தனியாகக் கூலி கேட்டால் நாம் முகம் சுளிக்கிறோம். அந்தக் கூலியைக் கொடுக்காவிட்டால், மெக்கானிக் தன் சம்பாத்தியத்தைச் சாமான் மாற்றுவதில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இருநூறு, முந்நூறு ரூபாய் சோதனைக் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் நான் ஒன்பதாயிரம் இழந்தேன்.

பக்கத்துப் பட்டறையா, கம்பெனி ஒர்க் ஷாப்பா?

புதிய வண்டியிலும் பிரேக், கிளட்ச், பேரிங், ஸ்பிரிங் பட்டை எல்லாம் பெரும்பாலும் பழைய முறைதான். இவற்றுக்கு நமக்குப் பழகிய மெக்கானிக் போதும். அவரை விட்டுவிடவும் கூடாது. என்ஜின் விளக்கு, இன்ஜெக்டர், சாவியில் உள்ள சிப் போன்றவற்றுக்கு மட்டும் தகுந்த கருவியும் பயிற்சியும் உள்ள இடம் தேவை.

வெளிப் பட்டறைகளுக்கு உதிரி பாகமும் சோதனைக் கருவியும் எளிதில் கிடைக்காதபடி செய்ததாக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன்மேல் மேல்முறையீடுகளும் நடந்தன. வெளிப் பட்டறையில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக் கூடாது என்பதும் அந்த உத்தரவில் ஒரு அம்சம். இருந்தாலும் வாரண்டிக் காலத்தில் அதன் நிபந்தனைகளைப் படித்துவிட்டு நடப்பதே நமக்குப் பாதுகாப்பு.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, மாற்றிய சாமான், தொகை இவற்றை எழுதுங்கள். கடன்காரர் கணக்கை எழுதுகிற கைக்கு இது பெரிய வேலையல்ல.

2. "கோடு எண் என்ன? எதைச் சோதித்துப் பார்த்தீர்கள்?" என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வாங்காமல் சாமான் மாற்றச் சம்மதிக்காதீர்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள்.

3. நல்ல பங்க்கில் எரிபொருள் போட்டுப் பில்லை வைத்துக்கொள்ளுங்கள். டீசல் பில்டரைக் குறித்த காலத்தில் மாற்றுங்கள். தண்ணீர் விளக்கு எரிந்தால் அன்றே வடித்துவிடுங்கள். பெட்ரோல் வண்டியை எப்போதும் ரிசர்விலேயே ஓட்டாதீர்கள். டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பதே அந்தப் பெட்ரோல்தான்.

4. பாரத் ஸ்டேஜ் ஆறு டீசல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நல்ல சூடு ஏறினால்தான் அதில் சேர்ந்த கரி எரியும். தெருத் தெருவாக நின்று நின்று சரக்கு இறக்கும் நம் ஓட்டத்துக்கு அந்தச் சூடு ஏறுவதில்லை. வடிகட்டி விளக்கு எரிந்தால், கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் ஒரே சீராகக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். விளக்கைப் பார்த்தும் பாராமல் விட்டால் வடிகட்டியே போய்விடும். அதன் விலை பெரிது. தினம் ஐந்து, பத்து கிலோமீட்டர் மட்டுமே ஓட்டம் உள்ளவர்கள் அடுத்த வண்டி வாங்கும்போது பெட்ரோல் அல்லது கேஸ் வண்டியை யோசிக்கலாம்.

5. எலிதான் நம் தொழிலுக்கென்றே உள்ள பகை. குடோன் வாசலில், அரிசியும் பருப்பும் சிந்திய இடத்தில் வண்டியை இரவில் நிறுத்தாதீர்கள். வண்டித் தளத்தைத் தினமும் பெருக்குங்கள். வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து பாருங்கள். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது எலிக்கடி சேதம் அதில் சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

6. வேறு வண்டி பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்யும்போது பிளஸ், மைனஸ் மாறினால் கம்ப்யூட்டரே எரிந்துபோகலாம். பாடியில் வெல்டிங் வைக்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். என்ஜின் மேல் பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள்.

7. சரக்கு வண்டியின் பழுதுச் செலவுக்கு ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். வழக்கமான முறையில் பதிவு செய்தவர்கள் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். சொந்தக் காருக்குப் பொதுவாக இந்தச் சலுகை இல்லை. காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கும் இல்லை.

8. மாதந்தோறும் வண்டிக்கென்று ஒரு தொகையை ஒதுக்குங்கள். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஆண்டில் 18,000 ரூபாய் சேரும். பழைய வண்டி நம்மிடம் சில்லறையாக வாங்கியதை நாமே சில்லறையாகச் சேர்த்துவைப்பதுதான் இது. பெரிய செலவு வரும் நாளில் சரக்குக் கொள்முதல் பணத்தில் கை வைக்க வேண்டியிராது.

பழைய வண்டி தன் நோயைச் சத்தம் போட்டுச் சொன்னது. புதிய வண்டி விளக்கைக் காட்டிவிட்டு நிற்கிறது. அந்த விளக்கு எரிந்த அன்றே வண்டியைப் பார்க்கிறவருக்கு ஒரு நாள் வியாபாரம்தான் போகும். "அடுத்த வாரம் பார்ப்போம்" என்கிறவருக்கு எத்தனை நாள் போகும் என்று அவர் பேரேடு சொல்லும்.