2,823 வாக்குகள், ஒரு நீதிபதி

1872 பெப்ரவரியில் அயர்லாந்தின் கோல்வே தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. கப்டன் ஜோன் நோலனுக்கு 2,823 வாக்குகளும், எதிர்த்து நின்ற கப்டன் வில்லியம் டிரெஞ்சுக்கு 658 வாக்குகளும் கிடைத்தன. ஆனால் சில மாதங்களில் அந்த ஆசனம் டிரெஞ்சுக்குப் போனது. மக்கள் கொடுத்த முடிவை நீதிமன்றம் மாற்றியது.

அப்போது அயர்லாந்துக்கும் சேர்த்துச் சட்டம் இயற்றியது பிரித்தானியப் பாராளுமன்றம். தேர்தல் முறைப்பாடுகளை அதுவரை காலமும் அதன் உறுப்பினர்களே குழுக்களாக இருந்து தீர்த்துவந்தனர். கட்சி பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு ஓயவில்லை. 1868இல் டிஸ்ரேலி அரசாங்கம் அந்த அதிகாரத்தை நீதிபதிகளிடம் ஒப்படைத்தது. விசாரணை அந்தந்தத் தொகுதியிலேயே நடக்கும்.

நீதிபதிகள் இதை விரும்பவில்லை. அரசியல் சண்டைக்குள் இறங்கினால் தங்கள் நடுநிலைமீது மக்களுக்குள்ள நம்பிக்கை கெடும் என்று பிரதம நீதியரசர் கோபேர்ன் எழுத்துமூலம் எதிர்ப்புத் தெரிவித்தார். கோல்வேயில் அவர் பயந்ததே நடந்தது.

அன்று வாக்களிப்பு இரகசியமானதல்ல. வாக்காளர் தான் யாருக்கு வாக்களிக்கிறார் என்பதை எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். டிரெஞ்சின் பின்னால் நிலவுடைமையாளர்கள் நின்றார்கள். நோலனின் பின்னால் கத்தோலிக்கக் குருமார் நின்றார்கள். குத்தகைக்காரரான ஒரு விவசாயிக்கு இரண்டு பக்கமும் பயம்தான்.

வழக்கை விசாரித்த நீதிபதி வில்லியம் கியோ தானும் ஒரு கத்தோலிக்கர். குருமார் வாக்காளர்களை அச்சுறுத்தினார்கள் என்று முடிவுசெய்து, நோலனின் வெற்றியை அவர் இரத்துச் செய்தார். தீர்ப்பில் குருமாரைக் கடுமையான வார்த்தைகளால் சாடினார். கியோ முன்னாள் அரசியல்வாதி. கொடுத்த வாக்கை மீறி அரச பதவி ஏற்றவர் என்று ஏற்கெனவே வெறுக்கப்பட்டவர். குருமாரின் அழுத்தத்தைக் கண்ட கண்ணுக்கு நிலவுடைமையாளரின் அழுத்தம் தெரியவில்லையா என்று மக்கள் கேட்டார்கள். பல ஊர்களில் அவரது கொடும்பாவி எரிந்தது.

அதே ஆண்டு ஜூலையில் இரகசிய வாக்களிப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் பிறகு நடந்த 1874 பொதுத் தேர்தலில் கோல்வே மக்கள் நோலனை மீண்டும் தெரிவுசெய்தார்கள். 1879இல் இன்னொரு திருத்தம் வந்தது. தேர்தல் மனுவை இனி இரண்டு நீதிபதிகள் விசாரிக்கவேண்டும். இருவரும் உடன்பட்டால் மட்டுமே வென்றவர் பதவியை இழப்பார்.

இந்த முறை இலங்கைக்கும் வந்தது. 1946ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல் கட்டளையின்படி, இங்கும் தேர்தல் மனுக்களை நீதிபதியே விசாரித்தார்.

பயமுறுத்திப் பெற்ற வாக்கு மக்களின் விருப்பம் ஆகாது. அதைச் சொல்ல ஒரு நீதிபதி தேவை. ஆனால் ஒரு தரப்பின் மிரட்டலை மட்டும் அவர் பார்த்தால், தீர்ப்புச் சரியாக இருந்தாலும் மக்கள் அதை நம்பமாட்டார்கள். வாக்காளரின் பயத்தைப் போக்கியதும் அந்தத் தீர்ப்பல்ல. யாருக்கு வாக்களித்தார் என்பது வேறெவருக்கும் தெரியாமல் காத்த வாக்குச்சீட்டுத்தான்.