படிக்கட்டுப் பனி யார் தலையில் விடியும்?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை மக்கா. ஆணி ஜாஸ்தி, அதுக்கு மேல பனி ஜாஸ்தி. முதல் பனியைப் பார்த்து நாலு போட்டோ போட்டு "ஆஹா சொர்க்கம்"னு எழுதினவன் நான்தான். அதை வாபஸ் வாங்கிக்கறேன்.

பாஸ்டன்ல ஆல்ஸ்டன் ஏரியா. மரத்தால கட்டின மூணு தளத்து வீடு, தளத்துக்கு ஒரு குடித்தனம், எல்லாருக்கும் பொதுவா ஒரே முன்வாசல் படி. மேல் தளத்துல நாங்க நாலு பேர், எல்லாம் எம்.எஸ். பசங்க.

ஜனவரியில ஒருநாள் விடாம கொட்டி முழங்கால் உயரத்துக்கு நின்னுச்சு. பனி நின்ன மூணு மணி நேரத்துக்குள்ள நடைபாதையை 42 அங்குல அகலத்துக்குச் சுத்தம் பண்ணிடணும்ங்கறது இந்த ஊர் விதி. ராத்திரி பெய்ஞ்சா சூரியன் உதிச்சு மூணு மணி நேரம். ஹவுஸ் ஓனர் வர்ற மாதிரி தெரியலை. காலைல நானே ஷவலோட இறங்கினேன். சேலத்துக்காரனுக்கு வீரம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. நடைபாதை, படி எல்லாத்தையும் வழிச்சு, அள்ளின பனியை மேல் படிக்குப் பக்கத்துலயே இடுப்பளவு குவிச்சேன். பெருமையா ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கும் அனுப்பினேன்.

மதியம் நல்ல வெயில். குவியல் உருகித் தண்ணி படி மேல வழிஞ்சிருக்கு. ராத்திரி மைனஸ் பத்து. அவ்வளவும் கண்ணாடியா உறைஞ்சு போச்சு. 'ப்ளாக் ஐஸ்'னு சொல்வாங்க, இருக்கறதே கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் தபால் கொண்டு வந்த அம்மா அதுல கால் வெச்சு விழுந்துட்டாங்க. மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிடுச்சு.

சாயங்காலமே ஓனர்கிட்டேர்ந்து மெயில்: லீஸ்ல பனி அள்ளுறது உங்க பொறுப்புன்னு இருக்கு, வழக்கு வந்தா நீங்கதான் பார்த்துக்கணும். லீஸை எடுத்துப் பார்த்தா நிஜமாவே இருக்கு. பொடி எழுத்துல, எங்க நாலு பேர் கையெழுத்துக்கு மேல.

"நீ ஏன்டா தொட்டே? அப்படியே விட்டிருந்தா நம்ம மேல ஒண்ணும் வந்திருக்காது"ன்னு ரூம்மேட் குதிச்சான். அபத்தமாத்தான் பட்டுச்சு. ஆனா தேடிப் பார்த்தா, மாசசூசெட்ஸ்ல நூறு வருஷத்துக்கு மேல சட்டமே கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லியிருக்கு! 1883ல ஒரு பஞ்சு மில் கம்பெனி வழக்குல வந்த தீர்ப்பு: வானத்துலேர்ந்து தானா விழுந்த பனிக்கு இடத்துக்காரர் பொறுப்பில்ல. மனுஷன் கை வெச்சு அதோட நிலைமையை மாத்தினாத்தான் வம்பு. அதாவது சோம்பேறி தப்பிச்சுக்கலாம், அரைகுறையா அள்ளினவன் மாட்டிக்குவான்.

இது மாறினது 2010 ஜூலையிலதான். 2002 டிசம்பர்ல டான்வர்ஸ்ங்கற ஊர்ல டார்கெட் கடை பார்க்கிங்ல ஒருத்தர் பனிக்கட்டியில வழுக்கி விழுந்தார். அந்தக் கட்டி குவியல்லேர்ந்து உருண்டு விழுந்ததா, உருகி ஓடி உறைஞ்சதா, அது இயற்கையா செயற்கையான்னு வழக்கு வருஷக்கணக்கா இழுத்துச்சு. கடைசியில மாநில உச்ச நீதிமன்றம் அந்தப் பாகுபாட்டையே தூக்கிக் கடாசிடுச்சு. எப்படி வந்த பனியா இருந்தாலும் சரி, இடத்துக்காரர் நியாயமான கவனம் எடுத்திருக்கணும். அங்க எத்தனை பேர் நடப்பாங்க, ஆபத்து எவ்வளவு, நீக்க என்ன செலவாகும்னு பார்த்துத் தீர்மானிப்பாங்க.

யுனிவர்சிட்டியில மாணவர்களுக்கு இலவச சட்ட உதவி இருக்கு. அங்க ஒரு அம்மா பொறுமையா விளக்கினாங்க. பொது வழியில பனி நீக்கறது ஓனர் கடமை. எங்களுக்கு மட்டுமேயான தனி வாசல் இருந்து, அதையும் எழுத்துல ஒப்புக்கிட்டிருந்தாத்தான் எங்க தலையில கட்ட முடியும். பொதுப் படிக்கு அந்த லீஸ் வரி செல்லாது. அப்பாடான்னு எழுந்திருக்கும்போது கேட்டாங்க: "அந்தக் குவியலைப் போட்டது யாரு?"

நான்தான்.

ஓனர் கடமை தனி, என் அஜாக்கிரதை தனி, அதுக்காக என்னையும் கேக்கலாம்னாங்க. ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் இருக்கான்னு அடுத்த கேள்வி. மாசம் ஒரு பீட்சா காசு. நம்மால அடுத்தவங்களுக்கு அடிபட்டா வர்ற வழக்குச் செலவையும் அதுல பார்த்துக்குவாங்களாம். நாங்க பீட்சாதான் வாங்கினோம்.

அம்மாவுக்கு அனுப்பின போட்டோவுல குவியல் அழகா விழுந்திருக்கு. ரூம்மேட் அழிச்சிடுன்னான். அழிச்சாத்தான் பெரிய தப்பு, பத்திரமா வைன்னாங்க அந்த அம்மா. வெச்சிருக்கேன். நடந்ததை நடந்தபடி எழுதியும் கொடுத்துட்டேன். ரூம்மேட் இன்னும் முகம் கொடுத்துப் பேசலை.

எழுதிக் கொடுக்கறதுக்காக வீட்டைச் சுத்திப் படம் எடுத்தப்பதான் இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. ஹீட்டர் புகை வெளிய போற குழாய் பக்கச் சுவர்ல இருக்கு, அதுல முக்கால்வாசி பனிக்குள்ள. அது அடைஞ்சா கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக்குள்ள திரும்பும், வாசனைகூட வராது. 2005 ஜனவரியில இதே மாநிலத்துல பிளைமவுத்ல 7 வயசுப் பொண்ணு ஒண்ணு இப்படித்தான் செத்துப்போச்சு. வீடுகள்ல அலாரம் கட்டாயம்னு வந்த சட்டத்துக்கு அவ பேர்தான், 'நிக்கோல் சட்டம்'. கையாலயே தோண்டி எடுத்தேன். உள்ள வந்து அலாரத்தை அமுக்கினா சத்தமே இல்ல. பேட்டரியை எவனோ டிவி ரிமோட்டுக்குக் கழட்டியிருக்கான்!

ஓனர் இப்ப பனி அள்ள ஆள் போட்டுட்டார். நான் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி கீழ இறங்கி, படி ஈரமா இருக்கான்னு பார்த்துக் கால்சியம் குளோரைடு தூவுறேன். சாதா உப்பு மைனஸ் ஒன்பதுக்குக் கீழ வேலைக்கு ஆகாது. கேஸ் எதுவும் இதுவரைக்கும் வரலை, வரவே வராதுன்னும் யாரும் சொல்லலை.

இப்ப தபாலுக்கு வேற ஒருத்தர் வர்றார். முதல் படியில ஒரு காலை வெச்சு அழுத்திப் பார்த்துட்டுத்தான் ஏறறார்.