யப்பானிய மொழிப் பட்டம்: இறுதியாண்டில் எமது பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பது என்ன?

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளிவரும் காலங்களில் பிள்ளைகளின் மேற்படிப்புப் பற்றிக் கேட்டுத் தாய்மார் பலர் என்னிடம் வருவதுண்டு. அவர்களில் அநேகர் போரில் கணவரை இழந்து, தனியே குடும்பப் பொறுப்பைச் சுமப்பவர்கள். "யப்பான் பாஷை படிச்சால் நல்ல வேலை எண்டு சொல்லுகினம். பிள்ளை கம்பசில அதையே எடுக்கட்டோ?" என்ற கேள்வி அண்மைக் காலமாக அடிக்கடி எழுகிறது. நான் சமூகவியல் படித்தவள். யப்பானிய மொழி கற்றவளல்ல. ஆயினும் இக்கேள்விக்காகத் தேடி வாசித்தும் கற்றவர்களிடம் விசாரித்தும் அறிந்தவற்றை இங்கு தருகிறேன்.

வகுப்பு வேறு, பட்டம் வேறு

யப்பானிய மொழித் திறன் பரீட்சைக்கு ஐந்து நிலைகள் உண்டு. என்5 ஆரம்ப நிலை, என்1 உயர்நிலை. 2019 ஆம் ஆண்டு யூனில் இலங்கையும் யப்பானும் செய்துகொண்ட உடன்பாட்டின் கீழ் திறன்சார் தொழிலாளராகச் செல்பவர் என்4 நிலையோ அதற்கு நிகரான அடிப்படை மொழிப் பரீட்சையோ சித்தியடைந்தால் மொழித் தகைமை பெறுவார். முதியோர் பராமரிப்பு வேலைக்குத் தனியான மொழிப் பரீட்சையும் உண்டு. தனியார் வகுப்புகள் பெரும்பாலும் கற்பிப்பது இந்த அளவைத்தான்.

பல்கலைக்கழகத்தில் யப்பானிய மொழியைச் சிறப்புப் பாடமாகக் கற்று இறுதியாண்டுக்கு வருபவரிடமிருந்து பொதுவாக என்2 நிலையை ஒட்டிய திறன் எதிர்பார்க்கப்படுகிறது. அதற்கு மேலும் உண்டு. மேற்சொன்ன திறன் பரீட்சையில் வாசிப்பு, செவிமடுத்தல், சொல், இலக்கணம் என்பனவே சோதிக்கப்படுகின்றன. பேச்சும் எழுத்தாக்கமும் அதில் இல்லை. பட்டப்படிப்போ இவ்விரண்டையும் கட்டாயமாகக் கேட்கிறது.

எழுத்தும் வாசிப்பும்

ஹிரகானா, கதகானா என்ற இரு எழுத்து வரிசைகளிலும் அடிப்படை எழுத்துகள் 46 வீதம் உள்ளன. இவற்றைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். சீனாவிலிருந்து வந்த காஞ்சி எழுத்துகளே கடினமானவை. அன்றாடப் பாவனைக்கென யப்பானிய அரசு 2010 இல் வெளியிட்ட பட்டியலில் 2136 காஞ்சிகள் உள்ளன. ஒரே எழுத்துக்குப் பல உச்சரிப்புகளும் உண்டு. மலையைக் குறிக்கும் எழுத்து தனியே நின்றால் ‘யமா’. பூஜி மலையின் பெயரோடு வந்தால் ‘சன்’. பத்திரிகைக் கட்டுரையையோ சிறுகதையையோ அகராதியின் துணையுடன், ஆசிரியர் உதவியின்றி வாசித்து விளங்குவதே இறுதியாண்டின் முதல் இலக்கு. தினமும் எழுதிப் பழகாதவரால் இதை எட்ட முடியாது.

பேச்சும் எழுத்து நடையும்

யாரிடம் எப்படிப் பேசுவது என்பதும் பாடத்தின் பகுதியே. ‘சாப்பிடு’ என்பதற்குப் பொதுவான சொல் ‘தபெரு’. மதிப்புக்குரிய ஒருவர் சாப்பிடுவதை ‘மெஷியாகரு’ என்றும், தான் சாப்பிடுவதைப் பணிவாக ‘இததாக்கு’ என்றும் சொல்ல வேண்டும். இறுதியாண்டு மாணவர் சபை முன் ஒரு விடயத்தை விளக்கி, கேள்விகளுக்கு உரிய மரியாதை நடையில் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைக்கு வேறொரு நடை தேவை. பேச்சில் வரும் ‘தெஸ்’, ‘மஸ்’ முடிவுகள் அங்கு பொருந்தா. நாமும் பேசுவது போல் கட்டுரை எழுதுவதில்லையே! பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது மட்டும் போதாது. ஆதாரம் காட்டித் தன் கருத்தை நிறுவ வேண்டும். ஒருவர் சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் மொழிபெயர்க்கவும் வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைக்குள்ள அனுகூலம்

தமிழைப் போலவே யப்பானிய மொழியிலும் வினைச்சொல் இறுதியில் வரும். வேற்றுமை உருபு போன்ற இடைச்சொல் பெயருக்குப் பின் சேரும். இவ்வொற்றுமைகளை ஆராய்ந்த அறிஞர் சுசுமு ஓனோவுடன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அ. சண்முகதாசும் கலாநிதி மனோன்மணி சண்முகதாசும் இணைந்து உழைத்தனர். இரண்டும் உறவு மொழிகள் என்ற ஓனோவின் முடிவை மொழியியலாளர் பெரும்பாலானோர் ஏற்கவில்லை. எனினும் வாக்கிய அமைப்பு எமது பிள்ளைகளுக்கு அந்நியமாகத் தோன்றாது.

பெண்களும் அம்மொழியும்

ஹிரகானாவுக்கு ஒரு காலத்தில் ‘பெண் கையெழுத்து’ என்று பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முரசாக்கி ஷிகிபு என்ற பெண் கெஞ்சியின் கதையை அவ்வெழுத்திலேயே எழுதினார். எமக்கு இன்னும் நெருக்கமானவர் ஹயாஷி கியோக்கோ. 1945 ஓகஸ்ட் 9 ஆம் திகதி நாகசாக்கியில் அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு வயது 14. ஆயுதத் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த மாணவி. உயிர் தப்பிய அவர், அந்த அனுபவத்தை எழுதி 1975 இல் அகுதகாவா பரிசு பெற்றார். போரைக் கடந்து வந்த பெண்ணொருத்தி தன் மொழியில் எழுதியதை, போரைக் கடந்து வந்த தாயின் மகள் மூலத்திலேயே வாசிக்கலாம். இதையும் நான் பட்டத்தின் பயனாகவே காண்கிறேன்.

முடிவெடுக்கும் முன்

களனிப் பல்கலைக்கழகத்தில் யப்பானிய மொழியைப் பட்டத்துக்குக் கற்கலாம். அரச பல்கலைக்கழகங்களில் உள்வாரியாகப் பட்டம் பயில்வோருக்குக் கற்கைக் கட்டணம் இல்லை. ஆனால் விடுதி, சாப்பாடு, பயணச் செலவுகள் உண்டு. உயர்தரத்தில் என்ன பாடங்கள் வேண்டும், எந்த மொழியில் விளக்குவார்கள், எந்த மொழிக்கு மொழிபெயர்க்கச் சொல்வார்கள் என்பவற்றை முதலில் கேட்டறியுங்கள். சிங்களமோ ஆங்கிலமோ தேவையென்றால் பிள்ளை இப்போதே தொடங்கலாம்.

"ஆறு மாதத்தில் யப்பான்" என்று முகவர் எவரும் காசு கேட்டால், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவரது அனுமதிப்பத்திரத்தை விசாரிக்காமல் நகையை அடகு வைக்காதீர்கள். குடும்பத்துக்கு உடனே வருமானம் வேண்டுமா, நான்கு வருடம் பொறுக்க முடியுமா என்பதைப் பிள்ளையோடு இருந்து கதையுங்கள். இரண்டும் நல்ல வழிகளே. எது எவ்வளவு உழைப்பைக் கேட்கிறது என்று தெரிந்துகொண்டு, பிள்ளையே தெரிவு செய்யட்டும்.