நேர்முக அறையில் உட்காருவது யார்?

உயர்கல்வியின் உள்ளறைகள் – 7

முனைவர் பட்டம் வாங்கியவர் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்த பிறகு என்ன நடக்கிறது? இதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு கணக்குப் போட வேண்டும்.

மத்திய அரசின் இடஒதுக்கீட்டில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு (ஓ.பி.சி.) 27 சதவீதம், பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5. நூற்றை 27ஆல் வகுத்தால் 3.7. ஆகவே வரிசையில் 4ஆவது பணியிடம்தான் ஓ.பி.சி.க்கு. பட்டியல் சாதியினருக்கு 7ஆவது. பழங்குடியினர் 14ஆவது இடம் வரை காத்திருக்க வேண்டும். பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாக வைத்து எண்ணினால் இந்த இடங்கள் சீக்கிரம் வந்துவிடும். துறை துறையாக எண்ணினால்? இரண்டே பேராசிரியர் பணியிடங்கள் உள்ள ஒரு சிறிய துறையில் 14ஆவது இடம் எந்தக் காலத்தில் வரும்?

துறைதான் அலகு என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. 2018 மார்ச் 5 அன்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அதை நாடு முழுவதற்குமான சுற்றறிக்கையாக்கியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. துறைவாரியாக எண்ணும் இந்த முறையைக் குறிக்கும் ‘13 புள்ளி ரோஸ்டர்’ என்ற பெயர் போராட்ட முழக்கமானது அப்போதுதான். அந்த ஆண்டு மார்ச் 5இல் பாரத் பந்த். இரண்டே நாளில் அவசரச் சட்டம். ஜூலையில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம். பல்கலைக்கழகமே மீண்டும் அலகானது. ஆசிரியர்களும் மாணவர்களும் வீதியில் நின்று பெற்ற வெற்றி இது. ஆனாலும் ஒதுக்கிய இடத்தில் ஆளைப் போடும் அதிகாரம் தேர்வுக் குழுவிடம்தான் இருக்கிறது.

யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளை எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு மதிப்பெண் போட்டு விண்ணப்பங்களைச் சலிக்கிறார்கள். முனைவர் பட்டத்துக்கு 30, முதுநிலைப் பட்டத்துக்கு அதிகபட்சம் 25, ஆய்வுக் கட்டுரைகளுக்கு 10 என மொத்தம் 100. நேர்முகத்துக்கு அழைப்பு வந்ததும் இந்த மதிப்பெண்ணின் வேலை முடிந்துவிடுகிறது. நேர்முகத்தில் எப்படிச் செய்தார் என்பதை மட்டுமே வைத்துத் தேர்வு நடக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. பல ஆண்டு உழைப்பு ஒரு பக்கம், மூடிய அறையில் சில நிமிடங்கள் மறுபக்கம். அந்தச் சில நிமிடங்கள்தான் வேலையைத் தீர்மானிக்கின்றன.

அந்த அறையில் தலைமை துணைவேந்தருக்கு. வேந்தரின் நியமனதாரர் ஒருவர், புலத் தலைவர், துறைத் தலைவர் ஆகியோர் இருப்பார்கள். பாட வல்லுநர்கள் மூவர் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலிருந்து அவர்களைப் பொறுக்குபவரும் துணைவேந்தரே. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஓ.பி.சி., சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் சார்பில் ஒரு கல்வியாளர் இடம்பெற வேண்டும். அதுவும், அந்தப் பிரிவிலிருந்து யாராவது விண்ணப்பித்து, குழுவில் ஏற்கெனவே அப்பிரிவினர் இல்லையென்றால்தான். அவரை நியமிப்பவரும் துணைவேந்தரே.

பலரும் கவனிக்காத வரி ஒன்று உண்டு. குழு கூடுவதற்கு நான்கு பேர் போதும். அவர்களில் இரண்டு பேர் வெளி வல்லுநர்களாக இருக்க வேண்டும். சமூகப் பிரதிநிதி அந்த நால்வரில் ஒருவராக இருந்தே தீர வேண்டும் என்று விதி கேட்கவில்லை. அவர் வராவிட்டாலும் கூட்டம் நடக்கும், முடிவும் செல்லும்.

இப்படிப்பட்ட அறையிலிருந்துதான் ‘என்.எஃப்.எஸ்.’ என்ற மூன்றெழுத்து வெளியே வருகிறது. தகுதியானவர் எவரும் இல்லை என்று பொருள். வந்தவர்கள் எல்லாரும் கல்வித் தகுதி உள்ளவர்கள். அதே பல்கலைக்கழகம் சலித்து அழைத்தவர்கள். எதில் குறை என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. தற்காலிக ஆசிரியராக ஆண்டுக்கணக்கில் அதே பாடத்தை நடத்தியவருக்கும் இந்த மூன்றெழுத்து விழுந்திருக்கிறது. இதை அநீதி என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது? இடம் காலியாகவே கிடக்கிறது. மறுபடி விளம்பரம் வருவதற்குள் ஒருவரின் நல்ல வயது கழிந்துவிடுகிறது. ஆள் கிடைக்காத ஒதுக்கீட்டு இடங்களைப் பொது இடங்களாக்க வழிவிடும் ஒரு யு.ஜி.சி. வரைவு 2024 ஜனவரியில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. அந்தக் கோபத்துக்குப் பின்னால் இந்த அனுபவம் இருந்தது.

நான் கேட்பது மூன்று. சமூகப் பிரதிநிதி இல்லாமல் எடுத்த முடிவு செல்லக் கூடாது. விண்ணப்பங்களைச் சலிக்கும் மதிப்பெண்ணுக்கு இறுதித் தேர்விலும் பங்கு வேண்டும். ‘தகுதியானவர் இல்லை’ என்று எழுதினால் ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இதற்கெல்லாம் புதிய பணியிடமோ பெரும் செலவோ தேவையில்லை. விதியில் சில வரிகளைத் திருத்தினால் போதும்.

இவ்வளவு அதிகாரமும் குவிந்திருக்கும் துணைவேந்தரை நியமிப்பது யார்? 2025 ஜனவரியில் யு.ஜி.சி. வெளியிட்ட வரைவையும், அதை எதிர்த்துத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தையும் அடுத்த வாரம் பார்ப்போம்.