கிணற்றில் பெட்ரோல் வந்தது எப்படி?

பூமிக்கு அடியில் ஆறு மாதிரி தண்ணீர் ஓடுது என்று நம்மில் நிறைய பேர் நினைக்கிறோம். அது அப்படி இல்லை. மணல் துகள்களுக்கு நடுவே உள்ள சின்னச் சின்ன இடைவெளியிலும், பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மெதுவாக நகரவும் செய்கிறது. பல இடங்களில் ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர்தான். நத்தையே தேவலை!

இதை ஆராய்பவர்தான் நிலத்தடி நீர் வல்லுநர். எங்கள் மாடி வீட்டுத் தாத்தா அந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "போர் போட இடம் காட்டுவீங்களா தாத்தா?" என்று கேட்டேன். "அது பாதி வேலைப்பா. கெட்டுப்போன தண்ணி எங்கேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறது மீதிப் பாதி" என்றார்.

கோடம்பாக்கத்தில் இருக்கும் நமக்குத் தண்டையார்பேட்டை ரொம்ப தூரம் இல்லை. 2013-ல் அங்கே வீட்டுக் கிணறுகளிலும் போர்களிலும் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. மண்ணுக்கு அடியில் போன பெட்ரோலியக் குழாயில் கசிவு. வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. இதில் பென்சீன் என்ற பொருள் இருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கும். கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சரி, கசிவு எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? குறைந்தது மூன்று கிணறு வேண்டும். அளவு நாடாவின் நுனியில் சாக்பீஸ் தேய்த்து உள்ளே விடுவார்கள். நனைந்த இடம் வரை பார்த்தால் நீர் மட்டம் தெரிந்துவிடும். உதாரணத்துக்கு, கடல் மட்டத்திலிருந்து ஒரு கிணற்றில் நீர் 4 மீட்டர் உயரத்தில், இன்னொன்றில் 3.5, மூன்றாவதில் 3 என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் வரைபடத்தில் குறித்தால் சரிவு எந்தப் பக்கம் என்று தெரியும். தண்ணீர் அந்தச் சரிவில் இறங்கும். அழுக்கு வந்த வழியைத் தேட மேட்டுப் பக்கம் போக வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். எல்லா வீட்டிலும் மோட்டார் போட்டு இறைத்தால் சரிவே மாறிவிடும். மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி இறைத்ததால் கடல் நீரே நிலத்துக்குள் வந்துவிட்டது.

சுத்தம் செய்வதுதான் பெரிய பாடு. பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, மேலே மிதக்கும். அதனால் மிதப்பதை முதலில் பம்ப் வைத்து எடுக்கலாம். மண்ணில் ஒட்டியதை ஆவியாக உறிஞ்ச வேண்டும். கரைந்துபோனதை வெளியே எடுத்துச் சுத்திகரிக்கலாம். வருஷக்கணக்கில் ஆகும். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய ஒரு ரசாயன ஆலை ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாமல் குரோமியக் கழிவை விட்டுப் போனது. குரோமியம் மிதக்காது. மழை பெய்யப் பெய்யக் கரைந்து கீழே இறங்கும். அதனால் அது இன்னும் மோசம் என்பது என் கருத்து.

இந்த வேலைக்கு ஆசை இருந்தால் பிளஸ் டூ அறிவியல் முடித்து நிலவியல் எடுக்கலாம். மாநிலக் கல்லூரியில் இருக்கிறது. எம்.எஸ்சி. முடித்தவர்கள் யூ.பி.எஸ்.சி. நடத்தும் புவி விஞ்ஞானிகள் தேர்வு எழுதி மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் சேரலாம். கணக்கும் வேதியியலும் நன்றாக வர வேண்டுமாம். வெயிலில் நடக்கவும் தெரிய வேண்டும் என்று தாத்தா சேர்த்துச் சொன்னார்.