ஐந்தாண்டு காத்திருந்த விடியல்

வைகறை வானில் ஒளிரும் வெள்ளிக் கோளை நம் முன்னோர் விடிவெள்ளி என்றழைத்தனர். அக்கோளை ஆராய ஜப்பானிய விஞ்ஞானிகள் அனுப்பிய ஆளில்லா விண்கலத்தின் பெயர் ‘அகாட்சுகி’. ‘விடியல்’ என்பது அதன் பொருள். 2010 மே மாதத்தில் ஏவப்பட்ட அக்கலம் அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் நாள் வெள்ளியை நெருங்கியது.

கோளை நெருங்குவது வேறு. அதனைச் சுற்றத் தொடங்குவது வேறு. விரைந்து வரும் கலம் தக்க தருணத்தில் இயந்திரத்தை இயக்கித் தன் வேகத்தைத் தணித்தால்தான் கோளின் ஈர்ப்பு அதனைப் பற்றிக்கொள்ளும். அன்று 12 நிமிடங்கள் எரிய வேண்டிய முதன்மை இயந்திரம் மூன்று நிமிடங்கள் நிறையுமுன் நின்றுவிட்டது. எரிபொருள் தொட்டிக்கு அழுத்தம் தரும் குழாயின் சிறு வால்வில் உப்புப் படிந்து அடைத்ததே காரணம் எனப் பின்னர் ஆய்ந்து கண்டனர். கலம் வெள்ளியைக் கடந்து சென்று, கதிரவனைச் சுற்றத் தொடங்கியது.

பழுது நீக்க அங்கே எவர் செல்லக்கூடும்? ஆயினும், மசாட்டோ நகாமுராவின் தலைமையிலான குழுவினர் கலத்தைக் கைவிடவில்லை. முதன்மை இயந்திரம் இனி உதவாதெனத் தெளிந்ததும், அதற்கென இருந்த ஏறத்தாழ 65 கிலோ திரவத்தை வெளியேற்றிச் சுமையைக் குறைத்தனர். கலத்தைத் திசைதிருப்புவதற்கென்றே அமைந்த சிற்றுந்திகளை நம்பிப் புதிய பாதையை வகுத்தனர். திட்டமிட்டதைவிடக் கடுமையான கதிரவ வெப்பத்தைத் தாங்கியவாறு கலம் ஐந்தாண்டுகள் அலைந்தது.

2015 டிசம்பர் 7. தோல்வியுற்ற அதே நாள்! நான்கு சிற்றுந்திகள் 20 நிமிடங்களுக்கு மேல் எரிந்தன. வெள்ளியின் ஈர்ப்பு கலத்தை ஏற்றுக்கொண்டது.

முதலில் எண்ணிய சுற்றுப்பாதை கிட்டவில்லை. மிக நீண்ட பாதையே வாய்த்தது. எனினும் பயன் குன்றவில்லை. ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் நீளமுள்ள வில் போன்ற அலையொன்றை வெள்ளியின் மேகங்களில் அது படம்பிடித்தது. தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாட்கள் எடுக்கும் அக்கோளை, மேல்மட்டக் காற்று நான்கே நாட்களில் சுற்றிவருகிறது. அவ்விந்தைக்குக் கதிரவனின் வெப்பம் துணைபுரிவதை அதன் படங்கள் விளக்கின.

நான்கரை ஆண்டு ஆயுளே கணித்திருந்த அக்கலத்துடன் 2024 ஏப்ரல் இறுதியில் தொடர்பு அறுந்தது. 2025 செப்டம்பரில் அதன் பணி நிறைவுற்றதாக அறிவித்தனர். இழந்ததை எண்ணி ஏங்காமல், எஞ்சியிருப்பதைக் கணக்கிட்டுப் பொறுமையோடு உழைத்தோர்க்குக் கிட்டிய விடியல் அது.