அம்பாசிடருக்கு ரப்பரும் முக்கியம்

2014-இல் உற்பத்தி நின்றுவிட்டாலும் அம்பாசிடர் கார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்ஜினைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்பவர்கள்கூடக் கதவோர ரப்பர் பீடிங்கை மறந்துவிடுகிறார்கள். விரலால் மடக்கிப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றனவா? வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் செய்த வேலை அது. அந்த வழியாக இறங்கும் மழைநீர் தரைத் தகட்டைத் துருப்பிடிக்க வைத்துவிடும்.

பளபளப்புக்காக இன்ஜின் ஆயில் தடவுவது பெரும் தவறு. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதி இளகிவிடும். சோப்புநீரால் துடைத்து, நன்கு உலர்த்தி, சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகப் பூசுவதே சரி.

ரெக்சின் சீட்டின் கதை வேறு. அதை மென்மையாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் வெப்பத்தில் கொஞ்சங்கொஞ்சமாக வெளியேறிவிடுகிறது. போனதைத் திரும்ப ஏற்ற முடியாது. வண்டியை நிழலில் நிறுத்துங்கள்.